எண்ணியோரும் எழுத்தறிந்தோரும்: சிந்து முத்திரை ஆய்வில் கணிதமும் மொழியியலும் கைகோத்த வரலாறு



2009ஆம் ஆண்டின் நடுவில், தமிழாசிரியர் பயிலரங்கு ஒன்றில் உரையாற்றச் சென்றிருந்தோம். தேநீர் இடைவேளையில் ஓர் ஒளிநகல் கைமாறிக்கொண்டிருந்தது. சிந்துவெளி முத்திரைகளில் காணப்படும் குறிகள் ஒரு மொழியின் எழுத்துகளே எனக் கணித முறையில் ஆய்ந்தோர் கூறியுள்ளனர் என்னும் நாளிதழ்ச் செய்தியின் நகல் அது. அதன் ஓரத்தில் யாரோ ஒருவர் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: "சிந்து மொழி தமிழே, கணிதம் மெய்ப்பித்துவிட்டது." நகலை எம்மிடம் நீட்டிய மூத்த ஆசிரியர் ஒருவர், "ஐயா, இனி யாரும் மறுக்க முடியாதல்லவா?" என்றார். மூலக் கட்டுரையை நாம் அதற்கு முன்பே படித்திருந்தோம். அதில் பழந்தமிழ் இடம்பெற்ற காரணம் வேறு என்பதும் எமக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும், அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கலைக்க மனமின்றித் தலையசைத்துவிட்டு உரையரங்கிற்குள் சென்றுவிட்டோம்.

முப்பதாண்டுக் காலம் மொழியியல் கற்பித்த ஒருவர் அவ்வாறு தலையசைத்திருக்கக் கூடாது. பல்கலைக்கழகங்கள் கூடிச் செய்யும் ஆய்வைப் பற்றி ஒரு பொழிவு நிகழ்த்துமாறு மொழிக்கழகத்தார் கேட்டபோது, அவ்வாசிரியர்க்கு அன்று சொல்லாமல் விட்ட விடையையே பொருளாக எடுத்துக்கொண்டோம். மும்பையிலும் சென்னையிலும் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலும் இருந்த ஆய்வாளர் சிலர், பயன்பாட்டுக் கணிதத்தைக் கருவியாகக் கொண்டு, நாலாயிரம் ஆண்டுப் பழைய முத்திரைகளை அணுகிய வரலாறு இது. அவர்கள் எதனைக் கண்டனர், எதனைக் காணவில்லை என்பதைப் பிரித்தறிவதே நம் வேலை.

ஆய்வுப் பொருளின் இயல்பை முதலில் நோக்குவோம். 1875இல் அலெக்சாண்டர் கன்னிங்காம், அரப்பாவில் கிடைத்த முத்திரை ஒன்றின் படத்தை வெளியிட்டார். அதனை இந்தியாவுக்கு அயலான பொருள் என்றே அவர் எண்ணினார். ஏறத்தாழ ஐம்பதாண்டு கழித்து, 1924 செப்டம்பரில், ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார். அதன்பின் ஆயிரக்கணக்கில் பொறிப்புகள் கிடைத்துவிட்டன. ஆனால் அவை யாவும் குறுகியவை. ஒரு பொறிப்பில் சராசரியாக ஐந்து குறிகளே உள்ளன. ஒரே பக்கத்தில் அமைந்தவற்றுள் மிக நீண்டதிலும் குறிகள் 17தான். எகிப்திய எழுத்துக்கு ரொசெட்டாக் கல் வாய்த்ததுபோல், தெரிந்த மொழியும் தெரியாத எழுத்தும் அருகருகே நிற்கும் இருமொழிப் பொறிப்பு எதுவும் இங்குக் கிடைக்கவில்லை.

இத்தகைய நிலையில் அறிஞர்க்கு இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, குறியின் உருவத்தைக் கண்டு ஒலியை ஊகித்தல். மீன் வடிவக் குறியை 'மீன்' என்றே படித்து, அது விண்மீனையும் குறிக்கும் எனக் கொள்ளும் புகழ்பெற்ற கருத்து இவ்வழியில் வந்தது. ஹீராஸ் பாதிரியார் தொடங்கிய அதனை அஸ்கோ பார்ப்போலா விரித்தார். மற்றொன்று, ஒலியைப் பற்றிய பேச்சையே ஒத்திவைத்து, எந்தக் குறி எங்கே வருகிறது, எதற்கு முன் வருகிறது, எதற்குப் பின் வருகிறது என எண்ணிக்கொண்டே போதல். கிரேக்கத்தின் நேர்கோட்டு 'பி' எழுத்தை ஆலிஸ் கோபர் இவ்வாறுதான் அணுகினார். ஒரு குறிக்கும் ஒலி தெரியாத நிலையில், அம்மொழியில் சொல்லிறுதி திரிபடைகிறது என்று அட்டைகளை அடுக்கியே அவர் காட்டினார். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அவ்வெழுத்தைப் படித்தபோது கோபர் உயிரோடு இல்லை. எண்ணும் வழி மெல்லச் செல்லும் வழி; அதில் கைதட்டல் குறைவு.

1960களில் கணினி பல்கலைக்கழகங்களுக்கு வந்து சேர்ந்தபோது, எண்ணும் வழிக்குப் புதிய கால்கள் முளைத்தன. சோவியத் ஒன்றியத்தில், மாயா எழுத்தின் அடிப்படையைக் கண்டறிந்த யூரி கனோரோசோவின் குழு 1965இல் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. பின்லாந்தில் சமற்கிருத அறிஞரான பார்ப்போலா, ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய தம் இளமை நண்பர் செப்போ கொஸ்கென்னியெமியின் துணையோடு குறிகளைக் கணினியில் ஏற்றினார். அசீரிய மொழியறிஞரான அவருடைய உடன்பிறந்தார் சிமோவும் குழுவில் இருந்தார். ஒன்றையொன்று சாராத இவ்விரு குழுக்களும் ஒரே திசையைச் சுட்டின: பின்னொட்டுகளை அடுக்கும் இயல்புடைய ஒரு மொழி, பெரும்பாலும் திராவிட மொழி. 1969இல் பின்லாந்துக் குழு 'படித்துவிட்டோம்' என்னும் தொனியில் அறிவிப்பு வெளியிட்டது. கடுமையான எதிர்வினை வந்தது. அக்காலத்து ஆர்வம் மிகையானது எனப் பார்ப்போலாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அதைவிட நிலைத்த பணி வேறொன்று. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் உள்ள முத்திரைகளின் நிழற்படத் தொகுதிகளை அவர் இரு நாட்டு அறிஞரோடும் சேர்ந்து 1987இலும் 1991இலும் வெளியிட்டார். எல்லையின் இருபுறமும் உள்ள அருங்காட்சியகங்கள் ஒரே நூல்வரிசைக்குள் வந்தது சிறு செயலன்று.

இனி ஐராவதம் மகாதேவனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளைக் குகை குகையாகச் சென்று படியெடுத்தவர். 1970இல் நேரு ஆய்வுநல்கை பெற்றுச் சிந்து எழுத்தின்பால் திரும்பினார். அவரிடம் கணினி இல்லை. பம்பாயில் இருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தது. அணுவியலும் வானியலும் ஆராயும் இடத்தில், முத்திரைக் குறிகளை எண்களாக மாற்றி ஏற்ற ஒரு கல்வெட்டறிஞர்க்கு இடம் கொடுத்தனர். 1977இல் இந்தியத் தொல்லியல் துறையின் 77ஆம் நினைவேடாக அவருடைய தொடரடைவு வெளிவந்தது. பொறிப்புடைய 2906 பொருள்கள், 417 குறிகள், அக்குறிகள் வந்த இடங்கள் மொத்தம் 13,372. இவற்றுள் சாடி போன்ற வடிவுடைய ஒரு குறி மட்டும் 1395 இடங்களில் வருகிறது. அதாவது பத்தில் ஒன்று. அதுவும் பெரும்பாலும் பொறிப்பின் இறுதியிலேயே வருகிறது. எந்த ஊகமும் கலவாத இந்த எண்கள், எழுதப்பட்ட பல விளக்க நூல்களைவிட நீண்ட நாள் வாழ்ந்துவிட்டன.

அக்காலத்தில் இன்னொரு பணி சென்னையை அடுத்த தாம்பரத்தில் நடந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியலறிஞர் கிஃப்ட் சிரோமணி, புள்ளிக் கோலங்களை ஆக்கும் விதிகளைக் கணித இலக்கணமாக எழுதியவர். அச்சுத் தமிழெழுத்தைக் கணினி அடையாளம் காணும் முறையையும் ஆராய்ந்தவர். அவரும் அப்துல் ஹக்கும் சேர்ந்து, நீண்ட சிந்துப் பொறிப்புகளை எந்த இடத்தில் துண்டாக்கலாம் என்பதை இணைக்குறிகளின் எண்ணிக்கை கொண்டு ஆராய்ந்தனர். 1988இல் சிரோமணி மறைந்தார். வாசற்கோலத்தையும் முத்திரையையும் ஒரே கணிதக் கண்ணால் கண்ட அவரைத் தமிழ்த்துறைகள் போதிய அளவு நினைவில் வைத்திருக்கவில்லை என்பது எமது கருத்து.

மகாதேவனின் குறிகள் 417 என்றோம். பார்ப்போலாவின் கணக்கில் அவை 386. எஸ். ஆர். ராவ் 62 என்றார். பிரயன் வெல்ஸ் 600க்கும் மேல் என்கிறார். ஒரே முத்திரைகள், நான்கு கணக்குகள். காரணம் எளிது: எதை ஒரு குறி எனக் கொள்வது என்பதில் இவர்கள் வேறுபடுகின்றனர். மீனின் தலைமேல் ஒரு கோடு இருந்தால் அது வேறு குறியா, அதே மீனா? சாடியின் உள்ளே சிறு கோடுகள் இருந்தால் அது சாடியா, புதிய குறியா? இவ்வினாக்களுக்கான விடை ஆய்வின் திசையையே மாற்றிவிடும். முப்பது நாற்பது குறி உடையது ஒலியெழுத்தாக இருக்கலாம். நூற்றுக்கணக்கில் உடையது சொல்லையும் அசையையும் கலந்து குறிக்கும் எழுத்தாக இருக்கலாம். தமிழுக்கே இவ்வினாவைப் போட்டுப் பாருங்கள். தொல்காப்பியர் எழுத்து முப்பது என்பார். சார்ந்து வருவன மூன்றைத் தனியே வைப்பார். பள்ளிச் சுவரில் தொங்கும் அட்டையோ 247 என்கிறது. மொழி அறியாத ஒருவர் நம் அச்சுநூலை மட்டும் கையில் வைத்து வடிவங்களை எண்ணினால், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகக் கொண்டு மூன்றாவதான ஓர் எண்ணிக்கையைச் சொல்வார். மூன்றும் பிழையல்ல.

இதனை நாம் கற்றது எமது சொந்தத் தவற்றினால். முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சங்கப் பாடல்களில் வேற்றுமை உருபுகள் வெளிப்பட்டும் தொக்கும் வரும் விகிதத்தை அட்டைகளில் எண்ணினோம். எண்ணி முடித்த பெருமிதத்தோடு பட்டியலைக் கணிதத்துறை நண்பர் ஒருவரிடம் காட்டினோம். அவர் விகிதங்களைப் பார்க்கவில்லை. "நீங்கள் எண்ணியது பாடலையா, பாடலை நீங்கள் பிரித்த பிரிப்பையா?" என்று கேட்டார். சினம் வந்தது. பிறகு, புணர்ச்சி பிரிப்பதில் வல்ல உடன்பயில்வோர் ஒருவரிடம் அதே பாடல்களில் இருபதைக் கொடுத்து எண்ணச் சொன்னோம். அவர் எண்ணிக்கை வேறாக வந்தது. ஓர் இயலை முழுதும் திருத்தி எழுதினோம். எந்த விதியில் பிரித்தோம் என்பதை முதற்பக்கத்திலேயே சொல்ல வேண்டியதாயிற்று. கணிதம் அறிந்தவர் எமது தமிழைத் திருத்தவில்லை. தமிழைப் பற்றி நாம் செய்த முடிவு ஒன்று எண்களுக்குள் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்தார்.

இப்போது 2009க்கு வருவோம். கூட்டாய்வுக் குழுவில் அறுவர் இருந்தனர். டாட்டா நிறுவனத்தின் நிஷா யாதவ், வானியற்பியலாளர் மயங்க் வாஹியா. மும்பையைச் சேர்ந்த கணினி வல்லுநர் ஹிரிஷிகேஷ் ஜோக்லேகர். சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் கோட்பாட்டு இயற்பியலாளர் ரணஜாய் அதிகாரி. சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கணினியியல் அறிஞர் ராஜேஷ் ராவ். இவர்களோடு, எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த மகாதேவன். அவர் அப்போது அதே தரமணியில், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் சிந்துவெளி ஆய்வு மையத்தில் இருந்தார். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த நூல்களைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையிலேயே நிலைநிறுத்தியதால் உருவான நூலகம் அது. அறுவருள் எழுத்தறிஞர் ஒருவரே. ஏனையோர் எண்ணுவோர். அவர்கள் எண்ணியதோ அந்த ஒருவர் 1977இல் வகுத்த குறிகளை.

தொடரடைவு முழுவதையும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. சிதைந்தவை, ஐயத்துக்குரியவை, பல வரிகளாக அமைந்தவை, மீண்டும் மீண்டும் வருபவை ஆகியவற்றை நீக்கி 1548 பொறிப்புகளை வடித்தெடுத்தனர். அவற்றில் குறிகள் 377. இவ்வாறு வடிப்பதற்கே பெரும் உழைப்பு வேண்டும். செய்தித்தாள்கள் இதனைச் சொல்வதில்லை.

அவர்கள் கையாண்ட கணிதம் ஓர் இலக்கிய நூலில் பிறந்தது என்பது தமிழ் கற்றோர்க்கு உவப்பளிக்கும். 1913இல் உருசியக் கணிதமேதை ஆந்திரே மார்க்கோவ், புஷ்கினின் 'எவ்கேனி அனேகின்' என்னும் செய்யுட் புதினத்திலிருந்து 20,000 எழுத்துகளைக் கையால் எண்ணினார். உயிரெழுத்தை அடுத்து மற்றோர் உயிர் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 13 அளவே. மெய்யை அடுத்து உயிர் வரும் வாய்ப்பு 66. ஓர் எழுத்து தன் முன்னெழுத்தைச் சார்ந்து நிற்கிறது என்பதை எண்ணாக்கிய முதற்செயல் அது. 1948இல் கிளாட் ஷானன் அதிலிருந்து மேலே சென்றார். அடுத்து என்ன வரும் என்பதில் நமக்குள்ள ஐயப்பாட்டையே அளக்க ஓர் அளவை வகுத்து, அதற்கு 'என்ட்ரோபி' என்று பெயரிட்டார்.

அவ்வளவையைத் தமிழ்கொண்டு விளக்குதல் எளிது. ஒரு சொல்லின் பாதியை மறைத்து 'ங்' வரை காட்டினால், அடுத்து வருவது ககர வரிசை என்று சிறு பிள்ளையும் சொல்லும். 'இங்ஙனம்' போன்றவை மிகச் சில. இங்கே ஐயம் மிகக் குறைவு. 'க' வரை காட்டினால், அடுத்து வரக்கூடியவை பல, ஐயம் மிகுதி. இப்படி எல்லா எழுத்துகளுக்கும் கணக்கிட்டுச் சராசரி கண்டால், அம்மொழியின் எழுத்தொழுங்குக்கு ஓர் எண் கிடைக்கும். நான்கிலக்கப் பரிசுச்சீட்டில் முதல் மூன்று இலக்கம் தெரிந்தாலும் நான்காவதைப் பற்றி எதுவும் தெரியாது, ஐயம் முழுமையானது. சாலை விளக்கிலோ பச்சைக்குப் பின் மஞ்சள், மஞ்சளுக்குப் பின் சிவப்பு, ஐயமே இல்லை. இயற்கை மொழி இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது.

குழுவினர் செய்தது இதுவே. சிந்துப் பொறிப்புகளுக்கு இவ்வெண்ணைக் கணக்கிட்டனர். ஒப்பீட்டுக்காக ஆங்கிலம், சுமேரியம், இருக்கு வேத சமற்கிருதம், பழந்தமிழ் ஆகியவற்றுக்கும், மொழியல்லாதவை என்று மரபணுத் தொடர், புரதத் தொடர், ஃபோர்ட்ரான் கணினி நிரல் ஆகியவற்றுக்கும் கணக்கிட்டனர். முற்றிலும் ஒழுங்கற்ற ஒன்றையும் முற்றிலும் விறைத்த ஒழுங்குடைய ஒன்றையும் செயற்கையாக ஆக்கி இரு கரைகளிலும் நிறுத்தினர். சிந்துக் குறிகள் மொழிகள் நிற்கும் பகுதியில் வந்து நின்றன. 'சயின்ஸ்' இதழில் ஒரே பக்கக் கட்டுரை, உலகெங்கும் செய்தி.

பழந்தமிழ் அங்கே வந்த காரணம் இப்போது விளங்கும். அது ஓர் அளவுகோலாக வந்தது. அதே வேலைக்குத்தான் சுமேரியமும் ஆங்கிலமும் வந்தன. சிந்துக் குறிகளின் எண் சுமேரியத்துக்கும் பழந்தமிழுக்கும் அருகே அமைந்தது உண்மை. ஆனால் சுமேரியமும் தமிழும் ஒரே குடும்பம் என மொழியியலார் ஏற்பதில்லை. அவ்வெண் உறவுமுறை அறியாத எண். ஒருவர் உயரமும் இன்னொருவர் உயரமும் ஒன்றாக இருப்பது கொண்டு அவர்களை அண்ணன் தம்பி என்பார் உளரோ? ஆசிரியரின் சிவப்பு மை இந்த இடத்தில்தான் வழுக்கியது. நாமும் அங்கேதான் தலையசைத்தோம்.

வழுக்கல் அத்தோடு நிற்கவில்லை; மூலக் கட்டுரையின் வலிமை குறித்தே வினா எழுந்தது. 2004இலேயே ஸ்டீவ் ஃபார்மர், ரிச்சர்டு ஸ்புரோட், மைக்கேல் விட்சல் ஆகிய மூவர், சிந்துக் குறிகள் எழுத்தே அல்ல. குடிப்பெயர், தெய்வம், குழு ஆகியவற்றின் சின்னங்களாக இருக்கலாம் என வாதிட்டிருந்தனர். ஐம்பது குறிக்குக் குறையாத ஒரு பொறிப்பைக் காட்டுவோர்க்குப் பதினாயிரம் டாலர் தருவதாக ஃபார்மர் அறிவித்தார். அவர்களுள் ஸ்புரோட் கணினி மொழியியலாளர். எண்ணுவோரை எண்ணாலேயே எதிர்கொள்ள வல்லவர். 2010இல் அவர் எழுப்பிய மறுப்பின் சாரம் இது: இரு கரைகளும் செயற்கையானவை, உலகில் உள்ள மொழியல்லாத சின்னத் தொகுதிகள் எவையும் அக்கரைகளில் நிற்பதில்லை. சில குறிகள் மிகுதியாகவும் பல குறிகள் அரிதாகவும் வருமாறு பகடை உருட்டினாலே நடுப்பகுதியில் வந்து நிற்கும் ஒரு தொடரை உண்டாக்கலாம். ஆகவே நடுவில் நிற்பது மொழியென்பதற்குச் சான்றாகாது.

குழுவினர் அதே ஆண்டில் மறுமொழி எழுதினர். நாங்கள் மெய்ப்பித்தோம் என்று சொல்லவில்லை. மொழியாக இருந்தால் இப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கத்தக்க பல இயல்புகளுள் ஒன்று இங்கும் உள்ளது என்றோம். பல சிறு சான்றுகள் சேர்ந்துதான் எடை கூடும் என்பது அவர்தம் நிலைப்பாடு. வாதம் பின்னர் 'லாங்குவேஜ்' இதழுக்குச் சென்றது. அங்கே 2014இல் ஸ்புரோட் பல மொழியல்லாத சின்னத் தொகுதிகளை உண்மையாகவே சேர்த்து எண்ணிக் காட்டினார்.

எமது தீர்ப்பைக் கேட்பீர்களாயின், அந்த ஒற்றை எண்ணைப் பொறுத்தவரை ஸ்புரோட்டின் மறுப்பே வலிது. நடுப்பகுதி மிக அகன்றது. அதில் பலவற்றுக்கும் இடமுண்டு. ஆனால் அதே குழுவினர் 2010இல் வெளியிட்ட, பேரோசை எழுப்பாத மற்றொரு கட்டுரை மொழியியலார்க்குக் கூடுதல் தீனி தருவது. பொறிப்புகளின் தொடக்கத்தில் வருவனவற்றுள் எண்பது விழுக்காட்டை 82 குறிகள் நிரப்புகின்றன. இறுதியில் வருவனவற்றுள் எண்பது விழுக்காட்டை நிரப்ப 23 குறிகளே போதும். தொடக்கத்தில் பன்மை, இறுதியில் சுருக்கம். மொழிமுதல் எழுத்து எவை, மொழியிறுதி எழுத்து எவை எனத் தனித்தனியே நூற்பா செய்த மரபில் வந்தோர் இதனை உடனே உணர்வர். பின்னொட்டு மொழிகளில் தொடக்கத்தில் சொற்கள் மாறிக்கொண்டே இருக்கும். இறுதியில் சில உருபுகளே திரும்பத் திரும்ப வரும். ஆயினும், நாடகப் பாத்திரங்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி இறுதியில் 'வாழ்க' என்று முடிப்பதுபோன்ற வழக்கிலும் இவ்வடிவம் தோன்றலாமே என்று கேட்பின், ஆம், தோன்றலாம். அதனால்தான் இதனைத் தீனி என்றோம், உணவு சமைக்கப்படவில்லை.

இதே கணக்கு வேறொரு பயனும் தந்தது. தெரிந்த குறி ஒன்றை மறைத்து, அக்கம்பக்கத்துக் குறிகள் கொண்டு கணினியை ஊகிக்கச் செய்தபோது, நான்கில் ஏறத்தாழ மூன்று முறை சரியாகச் சொன்னது. உடைந்த முத்திரையில் விடுபட்ட இடத்தில் எது இருந்திருக்கலாம் எனத் தொல்லியலாளர்க்குச் சொல்ல இது உதவும். படிக்காமலேயே பழுது பார்க்கும் கலை!

கூட்டாய்வின் உண்மையான கனி என்று நாம் கருதுவது 2009இல் அமெரிக்க அறிவியல் கழக இதழில் வந்த மூன்றாவது கட்டுரையில் உள்ளது. சிந்து முத்திரைகள் சில மேற்காசியாவில், இன்றைய ஈராக்கு நாட்டுப் பகுதியில் கிடைத்துள்ளன. சிந்துவெளியில் கிடைத்த பொறிப்புகளைக் கொண்டு குறியொழுங்கின் மாதிரியைக் கட்டி, மேற்காசியப் பொறிப்புகளை அதில் இட்டுப் பார்த்தனர். குறிகள் அவையே, ஒழுங்கு அதுவன்று. அவற்றின் நிகழ்தகவு மிகத் தாழ்ந்திருந்தது. கடல் கடந்து சென்ற வணிகர், தம் ஊர்க் குறிகளைக் கொண்டு வேற்றுமொழிப் பெயர்களை எழுதியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

கடல் கடந்து வந்த நமக்கு இவ்விளக்கம் அந்நியமன்று. அரபு எழுத்தில் மலாய் எழுதப்பட்டதை ஜாவி என்கிறோம். அதே எழுத்தில் தமிழ் எழுதப்பட்டதை அரபுத்தமிழ் என்கிறோம். அரபு அறியாத ஒருவர் குர்ஆனையும் ஜாவி இதழ் ஒன்றையும் அரபுத்தமிழ் நூல் ஒன்றையும் அருகருகே வைத்து எழுத்துகளின் அடுக்கை மட்டும் எண்ணினால், ஒரு சொல்லும் விளங்காமலேயே, இவை மூன்று மொழிகள் என்று சொல்லிவிட முடியும். எந்த மொழிகள் என்று மட்டும் சொல்ல முடியாது. எண்ணுவோரின் ஆற்றலும் எல்லையும் இந்த ஒரு காட்சியில் அடங்கும்.

சிந்து மொழி திராவிடமா என்னும் வினா வேறு தளத்தில் நிற்கிறது. பலுசிஸ்தானத்தில் இன்றும் பேசப்படும் பிராகுயி, வேதமொழியில் புகுந்த திராவிடச் சொற்கள், பின்னொட்டு அமைப்பு ஆகியவை அதற்கான வாதங்கள். நாம் அக்கருதுகோளை ஏற்கத்தக்கது என்றே கருதுகிறோம். ஆனால் அக்கருதுகோள் மெய்யாயினும் அது சுட்டுவது மூலத்திராவிடத்தை அல்லது அதன் கிளை ஒன்றை. சங்கப் புலவரின் தமிழை அன்று. மகாதேவன் வாழ்நாள் முழுதும் இவ்வேறுபாட்டைக் கைவிடவில்லை. 2018 நவம்பரில் அவர் மறைந்தார்.

2025 சனவரியில், சென்னையில் நடந்த நூற்றாண்டுக் கருத்தரங்கில், சிந்து எழுத்தைப் படித்தறிவோர்க்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு எனத் தமிழ்நாட்டு முதலமைச்சர் அறிவித்தார். அதன்பின் எமக்கு வரும் மடல்கள் மிகுந்துவிட்டன. ஓய்வுபெற்ற பொறியாளர், தோட்டப்பள்ளி ஆசிரியர், ஒரு வங்கி அலுவலர் எனப் பலர் தம் படிப்பை அனுப்புகின்றனர். யாரையும் நாம் எள்ளுவதில்லை. 1960களில் ஒரு சமற்கிருத மாணவரும் அவர் நண்பரும் தொடங்கியதும் இத்தகைய ஆர்வத்தில்தான். எல்லோருக்கும் ஒரே வினாவை விடையாக எழுதுகிறோம்: தாங்கள் எத்தனை குறிகள் என்று கொண்டீர்கள், எந்த விதியால்?

கடைசியாக வந்த மடலில் 52 குறிகளின் பட்டியல் இருந்தது, அழகான கையெழுத்து. சாடிக்குள் கோடு உள்ளதையும் இல்லாததையும் ஒன்றாகவே வைத்திருந்தார். ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறோம். விடுமுறை முடிந்ததும் பட்டியலை மீண்டும் எண்ணி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்; தம் மகள் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறாள் என்றும், இம்முறை அவளையும் உடன் அமர்த்திக்கொள்ளப் போவதாகவும் எழுதியிருந்தார்.